வீடாக நிற்கும் பெண்: சிமோன் லீயின் சிற்பங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நியூயார்க்கில் சாலைக்கு மேலே நிறுத்தப்பட்டிருந்த, கண்களே இல்லாத ஒரு கறுப்பினப் பெண்ணின் வெண்கலச் சிலையைப் படத்தில் பார்த்தேன். அது யாருடைய உருவம்? தோளுக்குக் கீழே இருப்பது பாவாடையா, குடிசையா என்றும் விளங்கவில்லை.

பதில்: அது எந்தத் தனி மனிதரின் உருவமும் அன்று. அமெரிக்கச் சிற்பி சிமோன் லீ உருவாக்கிய 'பிரிக் ஹவுஸ்' என்னும் அந்தச் சிலை, பழைய சரக்கு ரயில் பாதையைப் பூங்காவாக மாற்றிய ஹைலைனில் 2019 ஜூன் மாதம் வைக்கப்பட்டது. அதன் உயரம் 16 அடி. எடை ஏறத்தாழ 2,700 கிலோ. பின்னல்களின் நுனியில் சோழிகள் முடிந்திருக்கின்றன. பாவாடையா, குடிசையா என்று உங்களுக்கு எழுந்த குழப்பத்தைச் சிற்பி வேண்டுமென்றேதான் உண்டாக்கியிருக்கிறார்.

அந்த உடலுக்குள் மூன்று கட்டடங்கள் இருக்கின்றன. பெனின், டோகோ நாடுகளில் வாழும் பதம்மாலிபா மக்களின் மண்வீடு முதலாவது. வீட்டையே ஒரு மனித உடலாகக் கருதுவது அவர்கள் மரபு. கேமரூன், சாட் நாடுகளின் முஸ்கும் மக்கள் களிமண்ணால் எழுப்பும் 'தெலுக்' என்னும் குவிமாட வீடு இரண்டாவது. அதன் வெளிச்சுவரில் வரிவரியாகப் புடைத்திருக்கும் மண்வரம்புகள் மழைநீரை வடியச் செய்வதோடு, பூசுவேலைக்கு மேலே ஏறுகிறவர்களுக்குப் படியாகவும் உதவுகின்றன. மூன்றாவது, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நாச்சஸ் என்னும் ஊருக்கு அருகே 1940-இல் கட்டப்பட்ட ஓர் உணவகம். வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பணிப்பெண்ணின் கேலிச்சித்திர வடிவில் அது எழுப்பப்பட்டிருக்கிறது. சாப்பிட வருகிறவர்கள் அவளுடைய பாவாடைக்குள் நுழைந்து உட்கார வேண்டும்.

முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மூதாதையரின் பெருமை என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருப்பார்கள். அந்த அவமானச் சின்னத்தையும் அதே வரிசையில் வைத்ததில்தான் லீயின் துணிவு இருக்கிறது என்பது என் கருத்து. கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குக் கிடைத்த சொத்தில் ஆப்பிரிக்கக் கட்டடக் கலையும் உண்டு, அவர்களைப் பற்றிப் பிறர் வரைந்த கேலிச்சித்திரமும் உண்டு. ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ள அவர் மறுக்கிறார். கண்கள் இல்லாததும் இதனோடு சேர்ந்ததே. பார்ப்பவரின் பார்வைக்குப் பதில் பார்வை தரும் கடமை அந்த முகத்துக்கு இல்லை. தம் முதன்மையான பார்வையாளர்கள் கறுப்பினப் பெண்களே என்று லீ வெளிப்படையாகவே கூறி வருகிறார்.

கேள்வி: பிகாசோ ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து எடுத்தாண்டதைச் சுரண்டல் என்கிறோம். சிகாகோவில் பிறந்தவர் கேமரூனின் வீட்டையும் கினியின் முகமூடியையும் எடுத்தாள்வது மட்டும் எப்படி நியாயமாகும்?

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். லீ 1967-இல் சிகாகோவில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்த கிறித்தவ ஊழியர்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் ஊரும் இனமும் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. ஆகவே கரீபியத் தீவுகளில் வேர்விட்ட ஒருவர் 'இதுதான் என் மூதாதையரின் கிராமம்' என்று ஓரிடத்தைச் சுட்டுவது பெரும்பாலும் இயலாத காரியம். லீ அப்படி எதையும் சுட்டவும் இல்லை. பல இடங்களின் வடிவங்களைக் கலப்பது, அந்த இழப்பை மறைக்காமல் காட்டும் வழியாகவே அவரிடம் அமைந்திருக்கிறது.

நீங்கள் பிகாசோவைக் குறிப்பிட்டது பொருத்தமாக அமைந்துவிட்டது. கினியின் கடற்கரையில் வாழும் பாகா மக்கள், பல குழந்தைகளுக்குப் பாலூட்டித் தளர்ந்த மார்பகங்களுடன் ஒரு தாயை மரத்தில் செதுக்கி, விழாக்களில் தோளில் சுமந்து ஆடுவார்கள். அதன் பெயர் 'திம்பா'. அத்தகைய ஒன்றைப் பிகாசோவும் வாங்கி வைத்திருந்தார். 2022-ஆம் ஆண்டு வெனிஸ் பினாலேயில் (ஈராண்டுக்கு ஒருமுறை, நாடுகள் தத்தம் அரங்குகளோடு பங்கேற்கும் உலகக் கலைக் கண்காட்சி) அமெரிக்க அரங்கின் முற்றத்தில் லீ நிறுத்திய 24 அடி வெண்கலச் சிற்பமான 'சாட்டிலைட்' அதே வடிவத்திலிருந்து பிறந்தது. ஆனால் தலை இருக்க வேண்டிய இடத்தில் செய்திகளை வாங்கி அனுப்பும் வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. பிகாசோ வடிவத்தை எடுத்துக்கொண்டு பயனை விட்டுவிட்டார். லீயோ ஊர் கூடிக் கொண்டாடும் அந்தப் பொருளின் பயனையும் சேர்த்தே எடுக்கிறார். (அந்தத் தட்டு சற்று அதிகமாகவே விளக்கம் சொல்கிறது என்பதும் என் எண்ணம். அவருடைய மற்றச் சிற்பங்கள் இவ்வளவு பேசுவதில்லை.)

கேள்வி: அவர் அடிப்படையில் மண்பாண்டக் கலைஞர் என்கிறார்களே?

பதில்: ஆம். தத்துவம் படித்துக்கொண்டே மண்ணிலும் பயின்றவர். பானை வனைவது கைத்தொழில், கலையன்று என்று கலையுலகம் நெடுங்காலம் ஒதுக்கிவைத்த துறையிலேயே அவர் விடாமல் உழைத்தார். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உள்ளே உப்பை எறிந்தால், அது ஆவியாகி மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகப் படியும். ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகளோடு வரும் அந்தப் பரப்பை அவருடைய பல படைப்புகளில் காணலாம். சில உருவங்களின் தலைமுடி, கையால் உருட்டிய சின்னஞ்சிறு பீங்கான் ரோஜாக்களால் ஆனது.

அவருடைய பெரிய பீங்கான் சோழிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாலத்தீவிலிருந்து சென்ற சோழிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் நாணயமாகப் புழங்கின. ஐரோப்பியர் அவற்றைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். லீ தம் சோழிகளுக்கான அச்சை எடுப்பது தர்பூசணிப் பழத்திலிருந்து. அமெரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் கேலிப்படங்களில் ஓயாமல் இடம்பெற்ற பழம் அது. விலையும் வசையும் ஒரே ஓட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

கேள்வி: வெனிஸில் அவர் தங்கச் சிங்க விருது பெற்றது அமெரிக்க அரங்குக்காகவா? அங்கே துணி துவைக்கும் பெண்ணைக் காட்டியது பழைய இழிவையே திரும்பச் செய்வதாகாதா?

பதில்: விருது அமெரிக்க அரங்குக்கு அன்று, பினாலேயின் மையக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 'பிரிக் ஹவுஸ்' சிலைக்கு. நாடுகளின் அரங்குகளுக்கான தங்கச் சிங்கத்தை அவ்வாண்டு பெற்றவர் பிரிட்டனின் சோனியா பாய்ஸ். எனினும் அமெரிக்காவின் சார்பில் அந்த அரங்கைத் தனியே நிரப்பிய முதல் கறுப்பினப் பெண் லீதான். 1930-இல் தூண்களோடு கட்டப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தின் மேல் அவர் கூரைப்புல் வேய்ந்தார். 1931-இல் பாரிஸில் பிரான்ஸ் நடத்திய குடியேற்ற நாடுகளின் பொருட்காட்சியில், ஆப்பிரிக்கக் குடிசைகளைப் போலி செய்து நிறுத்தியிருந்ததை நினைவூட்டும் கூரை அது.

துவைக்கும் பெண்ணுக்கு வருவோம். 'லாஸ்ட் கார்மென்ட்' என்னும் அந்த வெண்கலச் சிற்பத்துக்கு மூலம், ஜமைக்காவில் எடுக்கப்பட்ட 19-ஆம் நூற்றாண்டின் ஒரு நினைவுப் புகைப்படம். தீவு தூய்மையானது, அதன் மக்கள் அடக்கமான உழைப்பாளிகள் என்று வெள்ளைப் பயணிகளை அழைக்க அத்தகைய படங்கள் விற்கப்பட்டன. லீயின் சிற்பத்தில் அவள் நிஜமான நீர்த்தொட்டிக்குள் நின்று குனிந்து கல்லில் துணியை அழுத்துகிறாள். வேலை அதேதான், குனிவும் அதேதான். ஆனால் அந்தப் புகைப்படத்தைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு வைத்துவிடலாம்; இவளைச் சுற்றி நடந்துதான் கடக்க முடியும், தொட்டியின் நீர் அருகில் நெருங்கவும் விடாது. வேலையை இழிவாக நினைப்பவருக்குத்தான் இந்தச் சிற்பத்தில் இழிவு தெரியும் என்பேன்.

கேள்வி: சிற்பம் தவிர வேறு பணிகள் செய்கிறாரா?

பதில்: செய்கிறார். 2014-இல் புரூக்ளினில், முன்பு ஒரு கறுப்பினப் பெண் மகப்பேறு மருத்துவரின் இல்லமாக இருந்த கட்டடத்தில், இலவச மருத்துவ நிலையம் ஒன்றைக் கலைத் திட்டமாக நடத்தினார். உடல்நலப் பரிசோதனைகளும் யோகா வகுப்புகளும் அங்கே உண்மையாகவே நடந்தன. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் காத்திருப்பு அறையில் நாள் முழுவதும் கவனிக்கப்படாமல் இறந்துபோன ஒரு கறுப்பினப் பெண்ணின் செய்தி, 2016-இல் நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் அவர் அமைத்த 'வெயிட்டிங் ரூம்' கண்காட்சிக்குத் தூண்டுதலாயிற்று. ஹைலைன் சிலை 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. அதன் இன்னொரு வார்ப்பை ஃபிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழக வளாகத்தில் காணலாம்.