விழா அப்புறம், தினப்படி மேளம் முதலில்

கேள்வி: எங்கள் ஊர் சிவன் கோயிலில் நாதஸ்வரம் நின்றுபோய் வெகுகாலமாகிறது. பூஜை நேரத்தில் மின் மேளம்தான் ஓடுகிறது. கோயில் இசையைக் காப்பாற்ற, வசூல் செய்து வருடம் ஒரு நாள் நாதஸ்வர விழா நடத்தலாம் என்று இளைஞர்கள் முடிவெடுத்திருக்கிறோம். இது நல்ல வழிதானே?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: நல்ல மனசு, ஆனால் நல்ல வழி இல்லை. வருடத்தில் ஒரு நாள் மேடை, சால்வை, சாப்பாடு, மீதி 364 நாளும் அதே மோட்டார் என்றால் நீங்கள் காப்பாற்றியது விழாவைத்தான், மேளத்தை இல்லை.

கோயில் நாதஸ்வரம் கச்சேரிக்காகப் பிறந்த சங்கதி கிடையாது. சுவாமி புறப்படும்போது தவில் முழங்கி, கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற உருப்படி எழும். அதில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள் இல்லை, ஒரே உருப்படியைக் காலம், அதாவது வேகம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். தீர்த்தம் கொண்டுவர ஒரு மல்லாரி, தளிகைக்கு, அதாவது நைவேத்தியத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று. விடியலில் பூபாளமோ பௌளியோ, பள்ளியறையில் நீலாம்பரி என்று வேளைக்கு ஒரு ராகம். எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதை சுவாமியின் நடைதான் தீர்மானிக்கும், கடிகாரம் இல்லை. இரவு வீதியுலாவில் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்த மரபு இப்படித்தான் வளர்ந்தது. இதையெல்லாம் மேடையில் இருபது நிமிஷத்துக்குள் அடக்கிக் காட்டலாம், ஆனால் கற்றுக்கொள்ள முடியாது. தினமும் வாசித்தால்தான் வாசிக்கிறவருக்கு மூச்சு நிலைக்கும், ராகம் கைக்கு வரும்.

மின் மேளத்தின் பக்கத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றுகிறது, குச்சி தோலை அடிக்கிறது, மணி ஆடுகிறது. திரை விலகினாலும் தீபாராதனை ஆனாலும் அதே அடி. தவில்காரருக்கோ ஒரு கண் எப்போதும் குருக்களின் கைமேல்தான். அடுக்கு தீபம் மேலே போகும்போது அவர் அடியும் கூடவே ஏறும்.

கற்றுக்கொள்ள ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, நாதஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள். ஆச்சா மரத்தில் வாத்தியம் கடையும் நரசிங்கம்பேட்டை உங்களுக்குத் தூரமில்லை, 2022இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாத்தியம் இருக்கிறது, படித்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், மாதா மாதம் கையில் விழும் சம்பளம்தான் இல்லை. படித்து முடித்த பையன் கல்யாண முகூர்த்தத்தை நம்பித்தான் பிழைக்கிறான், அங்கேயும் சினிமாப் பாட்டுதான் கேட்கிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் கிடையாது. அவனைக் கூப்பிட்டு நம் பாரம்பரியத்தைக் கைவிடாதே என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை, உங்களுக்கும் வரக்கூடாது.

ஆகவே விழாவுக்கு வசூலிப்பதை அப்படியே தினப்படி மேளத்துக்கு உபயமாக வையுங்கள். கோயில் அறநிலையத்துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து அனுமதி கேளுங்கள், இல்லாவிட்டால் தர்மகர்த்தாவிடம் பேசுங்கள். ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், காலையும் மாலையும். பேசிய தொகை மாதம் பிறந்ததும் கைக்குப் போகவேண்டும், அவர்கள் வந்து கேட்டு நிற்கும்படி வைக்காதீர்கள். வாசிக்கும்போது ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ஓடக்கூடாது என்பதையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

வருடம் முழுக்க முடியாதென்றால் மார்கழி ஒரு மாதத்தில் ஆரம்பியுங்கள். திருப்பள்ளியெழுச்சி வேளை, கல்யாண வேலை இல்லாத மாதம், நல்ல வித்வான்களே கிடைப்பார்கள். தை பிறந்ததும் நிறுத்துவதா தொடர்வதா என்று ஊர்க்கூட்டத்தில் கேளுங்கள், அந்த முப்பது நாளும் காலையில் கேட்டவர்கள் கையைத் தூக்கட்டும்.