பைசன் போடும் ஹெடரும் பில்டு சோதனையும்: கேள்வி பதில்

பைசன் என்பது இலக்கணக் கோப்பிலிருந்து (பார்ஸ்.ஒய்) பார்சரை, அதாவது உள்ளீட்டின் அமைப்பைப் படித்தறியும் நிரலை, பார்ஸ்.சி, பார்ஸ்.எச் (ஹெடர்) என்று இரண்டு கோப்புகளாக எழுதித் தரும் கருவி. அப்படிப் பார்சர் உருவாக்கும் பில்டைச் சோதிப்பது பற்றி மட்டும் கேளுங்கள். இலக்கணத்திலேயே வரும் ஷிஃப்ட்-ரெட்யூஸ் முரண்பாடுகளுக்கு நான் ஆள் இல்லை.

கே: சார், என் மெஷினில் ஓடுகிறது. சிஐ சர்வரில் (தானாக பில்டு செய்து சோதிக்கும் சர்வர்) மட்டும் அவ்வப்போது "பார்ஸ்.எச் இல்லை" என்று லெக்சர் (உள்ளீட்டைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) கம்பைல் ஆகாமல் விழுகிறது. மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது.

ப: மறுபடி ஓட்டினால் சரியாவதுதான் இந்த நோயின் அடையாளம். லெக்சரின் கம்பைல் ஆன கோப்பான ஸ்கேன்.ஓ அந்த ஹெடரை நம்பியிருப்பதை, விதிகளைப் பார்த்து பில்டை ஓட்டும் மேக் கருவிக்கு நீங்கள் சொல்லவே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது வரிசை தற்செயலாகப் பொருந்துகிறது. -ஜே8 கொடுத்து எட்டு வேலைகளை இணையாக ஓட்டினால் யார் முந்துவார் என்று தெரியாது. ஜிசிசி கம்பைலர் எழுதித் தரும் டிபன்டன்சி கோப்பும் (எது எதை நம்பியிருக்கிறது என்ற பட்டியல்) முதல் பில்டில் கைகொடுக்காது, கம்பைல் ஆன பிறகுதானே அது பிறக்கிறது!

சோதனை சுலபம். ஐந்து விநாடி தூங்கிவிட்டு நிஜ பைசனைக் கூப்பிடும் ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்டை எழுதி, எந்தப் பார்சர் கருவியை ஓட்டுவது என்று மேக்குக்குச் சொல்லும் யாக் மாறியில் அதைக் கொடுத்து, பழைய பில்டு கோப்புகள் இல்லாத டைரக்டரியில் -ஜே8 ஓட்டுங்கள். எப்போதாவது வந்த பிழை இப்போது ஒவ்வொரு முறையும் வரும். குனு மேக் 4.4 இருந்தால் --ஷஃபிள் என்று கொடுத்து வரிசையையும் கலைத்துப் பாருங்கள். -ஜே1-இல் பச்சை காட்டும் சோதனையை நம்பவே நம்பாதீர்கள்.

கே: "பார்ஸ்.சி பார்ஸ்.எச்: பார்ஸ்.ஒய்" என்று விதி எழுதினால் போதுமா?

ப: போதாது. பார்க்க ஒரே விதி, மேக்குக்கு அது இரண்டு. இணையாக ஓட்டினால் பைசன் இரண்டு தடவை ஓடி அதே கோப்புகளின் மேல் எழுதலாம். 2020-இல் வந்த குனு மேக் 4.3 பதிப்பிலிருந்து &: போட்டு இரண்டையும் ஒரே குழுவாக்கலாம். ஆனால் ஆப்பிள் தன் கணினிகளுக்குத் தரும் குனு மேக் இன்னும் 3.81. அது & என்பதையும் ஒரு கோப்புப் பெயராக எடுத்துக்கொண்டு, பிழையே சொல்லாமல் பழைய வேலையைச் செய்யும். விழுக்காட்டுக் குறி (%) போட்ட பேட்டர்ன் விதியாக எழுதினால் பழைய குனு மேக்கிலும் ஒரே ஓட்டம்தான்.

கே: மேக் விதிகளைத் தானே எழுதித் தரும் ஆட்டோமேக்கில் மேக் கிளீன் போட்டு மறுபடி பில்டு செய்தேன், எல்லாம் பாஸ். சரிதானே அண்ணா?

ப: நீங்கள் பைசனைச் சோதிக்கவே இல்லை தம்பி. பைசன் உருவாக்கிய கோப்புகள் டார்பாலோடு (பயனருக்கு வெளியிடும் மூலநிரல் தொகுப்பு) போகிறவை, அதனால் கிளீன் அவற்றைத் தொடாது. அவற்றையும் அழிக்கும் மெயின்டெய்னர்-கிளீன் போட்டுவிட்டுப் பாருங்கள். அப்புறம் ஹெடரை மட்டும் அழித்துவிட்டு மேக் ஓட்டுங்கள். அது திரும்பி வர வேண்டும். முதலில் உருவாக்க வேண்டிய கோப்புகளைச் சொல்லும் பில்ட்_சோர்சஸ் பட்டியலில் ஹெடரைப் போட்டிருந்தாலும் அது ஆல், செக், இன்ஸ்டால் மாதிரியான இலக்குகளுக்குத்தான் காவல். "மேக் ஸ்கேன்.ஓ" என்று நேராகக் கேட்டால் காவல் இல்லை. இன்னொன்று: ஆட்டோமேக் 1.12-லிருந்து .ஒய்ஒய் என்று முடியும் சி++ இலக்கணக் கோப்பின் ஹெடர் .எச்எச் என்றுதான் வரும்.

கே: சிஐயில் மட்டும் ஹெடர் காணவில்லை...

ப: முதல் பதில்.

கே: இவ்வளவு பாடு எதற்கு? பார்ஸ்.சி, பார்ஸ்.எச் இரண்டையும் கிட் ரெப்போவிலேயே (மூலநிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் இடம்) கமிட் செய்துவிட்டால் தீர்ந்ததே.

ப: தீராது. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை கிட் பாதுகாப்பதில்லை, மேக் அந்த நேரத்தைத்தான் பார்க்கும். குளோன் செய்ததும் பார்ஸ்.ஒய் புதிதாகத் தெரிந்தால் மேக் பைசனைத் தேடும்.

கே (அதே நபர்): பைசன் இல்லாத பயனர் என்ன செய்வார்? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்கள் டார்பாலிலேயே பார்சரை வைத்துத் தந்தார்களே.

ப: தந்தார்கள், 17-ஆம் பதிப்பில் நிறுத்திவிட்டார்கள். டார்பாலில் வைப்பது வேறு, ரெப்போவில் வைப்பது வேறு. ரெப்போவில் வைத்தால் இலக்கணத்தில் ஒரு வரி மாற்றினாலும் மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் பார்சரின் டேபிள் எண்கள் கொட்டும், யாரும் படிக்க மாட்டார்கள்.

கே (வேறொருவர்): அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு சார். ஆப்பிள் மேக் கணினியோடு வரும் பைசன் 2.3. எங்கள் இலக்கணம் 3.2 கேட்கிறது.

ப: அப்படியென்றால் இலக்கணக் கோப்பில் தேவையான பைசன் பதிப்பைச் சொல்லும் %ரிக்வயர் வரியைப் போடுங்கள், தெளிவான பிழையோடு நிற்கட்டும். அதற்காகப் பழைய பார்சரைக் கமிட் செய்வானேன்? அந்த 2.3-ஐ வைத்தே ஒரு சோதனை ஓட்டி, பில்டு அங்கே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கே: சிமேக் என்ற பில்டு கருவியில்?

ப: பைசன்_டார்கெட் தரும் வெளியீட்டை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு டார்கெட்டில் போடாதீர்கள், இணையாக ஓடும்போது மோதும். லெக்சர் பைசனின் ஹெடரை நம்பியிருப்பதைச் சொல்லும் ஆட்_ஃபிளெக்ஸ்_பைசன்_டிபன்டன்சி வரியை மறக்காதீர்கள்.

கே: என் லெக்சருக்கு ஹெடர் கிடைக்கவில்லை, சில சமயம் மட்டும்...

ப: முதல் பதிலில் தூங்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை ஓட்டிவிட்டு லாகோடு வாருங்கள்.