முதலில் அந்த வாங்கில் இருப்பவர்களைக் கேளுங்கள்

கேள்வி: தென்மராட்சியில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். போன ஒக்ரோபர் வாசிப்பு மாதத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தோம். பதாகை கட்டினோம், முகநூலில் போட்டோம், 60 கதிரை போட்டோம். வந்தது 11 பேர். அதிலும் 5 பேர் சபை அலுவலர்கள். இந்த முறையும் சமூக நிகழ்ச்சிகள் செய்யச் சொல்கிறார்கள். சனத்துக்கு நூலகத்தில் அக்கறை போய்விட்டதா அக்கா? எப்படி ஆட்களைக் கூட்டுவது?

பதில்:

தங்கச்சி, ஆட்கள் இருக்காத கதிரைகளைத் திரும்ப அடுக்குவது எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும். 27 வருடம் நூலகத்தில் வேலை செய்தவள் நான். ஒருமுறை பெரிய பேச்சாளர் ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டு, அன்றைக்குத்தான் ஊர்க் கோயிலில் தேர் என்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அவர் எங்கள் நாலு பேருக்கும் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். அதனால் சொல்கிறேன், சனத்துக்கு அக்கறை போகவில்லை. நாம்தான் அவர்களைக் கேட்காமல் நாள் வைக்கிறோம், அவர்களைக் கேட்காமலே தலைப்பும் வைக்கிறோம்.

உங்கள் நூலகத்துக்கு இப்போதே ஆட்கள் வருகிறார்கள்தானே? காலையில் பேப்பர் பார்க்க வாங்கில் வந்து இருக்கும் ஓய்வூதியக்காரர், வேலை வெற்றிடம் தேடி வர்த்தமானியைப் புரட்டும் பிள்ளைகள், இரண்டு ரியூசனுக்கு நடுவில் இருக்க இடமில்லாமல் வரும் மாணவர்கள். அவர்களிடமிருந்து தொடங்குங்கள். “என்ன நிகழ்ச்சி வேண்டும்?” என்று கேட்டால் “எது வைத்தாலும் நல்லம்” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். “எந்த வேலைக்கு இன்னொருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். விண்ணப்பம் நிரப்ப, கண்ணாடி இல்லாமல் கடிதம் வாசிக்க, போனில் படம் அனுப்ப என்று ஒவ்வொன்றாக வரும். உங்கள் நிகழ்ச்சிப் பட்டியல் அதிலேயே இருக்கிறது.

எங்களிடம் ஒரு அம்மா வருவார். மகன் கனடாவில். அவன் அனுப்பிய போனைக் கைலேஞ்சியில் சுற்றி, அதற்கு மேல் ஒரு பொலித்தீன் பையும் போட்டுக் கொண்டுவருவார். வீடியோ அழைப்பு வந்தால் எடுக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பெடியன் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் வியாழன் பின்னேரங்களில் ஒரு மேசையை ஒதுக்கினோம். சொல்லிக் கொடுத்தது நாங்கள் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். அந்த மாதங்களில் அவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவ்வளவுதான். அழைப்பை எடுப்பது, எழுத்தைப் பெரிதாக்குவது, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது கேட்டால் இரகசிய இலக்கத்தைச் சொல்லாமல் இருப்பது. இவ்வளவையும் பழக நாலு கிழமை எடுத்தது. ஐந்தாம் கிழமை அந்த அம்மா சிறுவர் பகுதிக்குப் போய் ஒரு படக்கதைப் புத்தகம் எடுத்தார். இங்கே விடிய எழும்பும் நேரம் அங்கே பேத்தி படுக்கப் போகும் நேரம். போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கம் பக்கமாகக் காட்டி வாசித்தாராம். பிறகு கிழமைக்கு இரண்டு புத்தகம் கொண்டுபோனார். வாசிப்பு மாதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

நூலகவியலைப் படித்த உங்களுக்கு, இந்திய நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் எழுதிய ஐந்து விதிகள் மனப்பாடமாக இருக்கும். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாவது. தட்டில் கிடக்கும் நூலை அதற்குரிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு நமக்கு உண்டு என்றுதான் நான் அதை விளங்கிக்கொண்டேன். ஆகவே எந்த நிகழ்ச்சி என்றாலும், அன்றைக்கு அதோடு சேர்ந்த பத்துப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் ஒரு மேசையில் வையுங்கள். வீட்டுத்தோட்டம் பற்றி ஒரு விவசாயி கதைக்க வந்தால், தோட்டப் புத்தகங்களை அங்கேயே பதிந்து கொடுக்க வேண்டும்.

நாள் விஷயத்தில் கவனம். ஒரு கலண்டரை எடுத்து ஊர்க் கோயில்களின் கொடியேற்றம், தேர், தேவாலயப் பெருநாள், பாடசாலைத் தவணைப் பரீட்சை எல்லாவற்றையும் முதலில் குறியுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எதையும் வைக்க வேண்டாம். ஒக்ரோபர் கடைசியில் மாரி மழை வேறு தொடங்கிவிடும். மிஞ்சும் நாட்களில் ஒன்றைப் பிடித்து, மாதா மாதம் அதே கிழமை, அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு பெருவிழாவுக்குச் செலவழிக்கும் காசில் பன்னிரண்டு சின்னச் சந்திப்பு நடத்தலாம். தேத்தண்ணியும் கொடுக்கலாம்.

விஜயதசமியும் பெரும்பாலும் வாசிப்பு மாதத்துக்குள்தான் வரும். ஏடு தொடக்கிய பிள்ளைகளை அந்தக் கிழமையே பெற்றோருடன் அழைத்து, அவரவர் பெயர் எழுதிய அங்கத்துவ அட்டையைக் கையில் கொடுங்கள். எழுதப் பழகத் தொடங்கும் எல்லாச் சமயப் பிள்ளைகளையும் முன்பள்ளி ஆசிரியர்கள் மூலம் கூப்பிடுங்கள். தன் பெயர் போட்ட அட்டையைப் பிள்ளை தொலைக்காது.

அப்புறம் விளம்பரம். உங்கள் பதாகையில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்: தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, ஐந்தாறு பெயர்கள். வந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வரியும் இருந்திருக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: “வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு முகம் பார்த்துக் கதைக்கப் பழகலாம். வியாழன் பின்னேரம் 3 மணி. காசு இல்லை. போனையும் கண்ணாடியையும் கொண்டு வாருங்கள்.” இதைக் கூட்டுறவுக் கடை, மருந்துக் கடை, முன்பள்ளி வாசல், சனசமூக நிலையம் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். கோயில் ஒலிபெருக்கியிலும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

முகநூலையும் விட வேண்டாம். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். ஊரிலுள்ள அம்மாவைவிட ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள்தான் கூடுதலாகப் பார்க்கிறார்கள். சரி, அவர்களுக்கே எழுதுங்கள்: “உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள்.” பிள்ளை போனில் சொன்னால் தாய் கட்டாயம் வருவார். அரை நிமிடக் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் விட்டால் இன்னும் நல்லது, வாசிக்கக் கஷ்டப்படுகிறவரும் கேட்பார்.

பதினொரு பேர் என்று வெட்கப்படாதீர்கள். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகமே 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் வைத்து இரவல் கொடுத்த புத்தகங்களிலிருந்துதான் தொடங்கியது. அந்த 11 பேரில் சபை அலுவலர்களை விட்டால் ஆறு பேர் தாங்களாக வந்திருக்கிறார்கள். அவர்கள் யார், ஏன் வந்தார்கள் என்று போய்க் கேட்டீர்களா? அடுத்த முறை ஆளுக்கொருவரைக் கூட்டி வரச் சொல்லுங்கள். கதிரையை 15 மட்டும் போடுங்கள், வட்டமாக.

ஒரு கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் யார் வந்தார், எதைக் கேட்டார், எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். வருடக் கடைசியில் சபையில் பாதீடு தயாரிக்கும்போது, படங்களோடு அந்தக் கொப்பியையும் செயலாளரின் மேசையில் வையுங்கள். பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள்.