மூளைக்குள் கஞ்சாவுக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

பல வருடம் மருந்தியல் பாடம் நடத்தியவள் நான். உடம்பே தயாரிக்கும் கன்னாபினாய்டுகளை, அதாவது கஞ்சாவின் பொருள்போல வேலை செய்யும் ரசாயனங்களைப் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். மருந்துச்சீட்டு மட்டும் கேட்காதீர்கள்.

கே: மேடம், நம் மூளையில் கஞ்சாவுக்கென்றே ஏற்பி இருக்கிறதாமே. அப்படியென்றால் இயற்கையே அனுமதி கொடுத்துவிட்டதா?

ஏற்பி என்பது செல்லில் ரசாயனம் வந்து ஒட்டும் பூட்டு மாதிரி. கஞ்சா ஒட்டும் சிபி1 என்ற ஏற்பி மீனுக்கும் தவளைக்கும்கூட உண்டு. அவை எந்தக் காலத்தில் புகைத்தன? பூட்டு நம்முடையது, கஞ்சா ஒரு கள்ளச்சாவி. நாம் கண்டுபிடித்த வரிசைதான் தலைகீழ். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சியின் வடிவத்தை 1964இல் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் கவோனியும் கண்டறிந்தார்கள். அது போய் ஒட்டும் ஏற்பி மூளையில் இருப்பதை 1988இல் ஆலின் ஹௌலெட் குழு காட்டியது. பூட்டு இருந்தால் வீட்டுச்சாவியும் இருக்க வேண்டுமே என்று தேடியதில், 1992இல் பன்றி மூளையிலிருந்து ஆனந்தமைடு கிடைத்தது. 1995இல் இன்னொரு வீட்டுச்சாவி, 2-ஏஜி.

கே: ஆனந்தமைடில் 'ஆனந்தம்' இருக்கிறதே. முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

பெயர் வைத்தது 1992இல், ஆய்வகத்தில். அந்தப் பெயரால் வந்த வினைதான் எல்லாரும் அதை 'மகிழ்ச்சி மூலக்கூறு' என்று விற்பது. மூளையில் அளவிலும் வேலையிலும் 2-ஏஜிதான் பெரியது. பாவம், அதற்கு நல்ல பெயர் வாய்க்கவில்லை.

கே: சரி, அப்படி என்னதான் செய்கின்றன?

இதற்குத்தான் காத்திருந்தேன். நரம்புச் செல்கள் பேசுவது பொதுவாக ஒருவழிப் பாதை: ஒன்று ரசாயனத்தைக் கொட்டும், அடுத்தது வாங்கிக்கொள்ளும். எண்டோகன்னாபினாய்டு, அதாவது உடம்பே செய்யும் இந்த வீட்டுச்சாவி, எதிர்த்திசையில் போகிறது. வாங்கும் செல் மிகவும் தூண்டப்பட்டால் அதற்குள் கால்சியம் ஏறும். உடனே டேகல் என்ற நொதி செல் சவ்வின் கொழுப்பிலிருந்து 2-ஏஜியை உருவாக்கும். அது பின்னோக்கிப் போய், அனுப்பிய செல்லின் நுனியில் இருக்கும் சிபி1இல் ஒட்டும். அங்கே கால்சியம் நுழையும் வழி அடைபட, ரசாயனம் கொட்டுவது குறையும். சத்தமாகப் பேசுபவரைக் கேட்பவர் கையமர்த்துவதுபோல. சில நொடிகள், மிஞ்சினால் சில பத்து நொடிகள். அதற்குள் வேறொரு நொதி 2-ஏஜியைச் சிதைத்துவிடும். 2001இல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாக இதைக் காட்டின.

இப்போது கவனியுங்கள். கையமர்த்தப்படும் செல் தூண்டும் செல்லாக இருந்தால் அந்த இடம் அமைதியாகும். அதுவே அடக்கும் செல்லாக இருந்தால்? பிரேக்கில் இருந்து கால் எடுபடும், தூண்டல் கூடும். அதனால் 'கன்னாபினாய்டைக் கூட்டினால் நிம்மதி' என்று யார் சொன்னாலும் எந்தச் சந்தியில், அதாவது எந்த இரு செல்கள் பேசும் இடத்தில் என்று கேளுங்கள். டிஹெச்சிக்கு இடமும் தெரியாது, நேரமும் தெரியாது. மூளை முழுக்க மணிக்கணக்கில் கையமர்த்திக்கொண்டே இருக்கும்.

கே: சிபிடி எண்ணெயும் இதே வேலைதானே?

இல்லை. சிபிடி என்பது கஞ்சாவிலேயே உள்ள, போதை தராத வேறொரு பொருள். அது சிபி1 ஏற்பியில் ஒழுங்காகப் பொருந்தாது. சில அரிய வலிப்பு நோய்களுக்கு அது முறையான மருந்து. அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது. அப்புறம், அது கல்லீரல் நொதிகளில் தலையிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

கே (உயிரியல் ஆய்வு மாணவர்): மேடம், ஒரு திருத்தம். 2-ஏஜி அந்த நேரத்தில் தயாராகிறது என்பது முடிவான விஷயமில்லை. டேகலைத் தடுத்தும் பின்னோக்கிய சமிக்ஞை நிற்காத சோதனைகள் உண்டு. முன்பே செய்து சேமித்த இருப்பு இருக்கலாமே?

சபாஷ். சோதனைகள் நிஜம்தான். ஆனால் டேகலின் ஒரு வகையான டேகல்-ஆல்ஃபாவின் மரபணுவை நீக்கிய எலிகளில் அந்தச் சமிக்ஞை காணாமல் போகிறது.

கே (அதே மாணவர்): பிறவியிலேயே நீக்கினால் சேமிப்பும்தானே இருக்காது? அது என் வாதத்தை மறுக்கவில்லை.

நல்ல அடி. அதற்குத்தான் பிறகு வந்த, டேகலைத் தடுக்கும் வேகமான, வலுவான தடுப்பான்கள். 2016இல் வெளியான ஆய்வில் மூளைத் துண்டில் அப்படி ஒன்றைச் சேர்த்ததும் சமிக்ஞை அடங்கியது. பெரிய இருப்பு இருந்திருந்தால் கொஞ்ச நேரமாவது ஓடியிருக்கும். பழைய தடுப்பான்கள் திசுவுக்குள் சரியாக இறங்கவில்லை என்பது என் கணிப்பு.

கே: சிபிடி எண்ணெய் தூக்கத்துக்கு எத்தனை சொட்டு?

மருந்துச்சீட்டு இல்லை என்றேன்.

கே: சிபி1ஐ அடைத்துவிட்டால் பசி குறையுமாமே?

குறையும். ரிமோனபான்ட் அப்படி வந்த மருந்துதான். 2006இல் ஐரோப்பாவில் எடை குறைக்க அனுமதித்தார்கள். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைகாட்ட, 2008இல் நிறுத்தினார்கள். பசிக்கு மட்டும் தனியாக ஒரு சிபி1 கிடையாது.

கே: அப்போது ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கலாமே?

பல நிறுவனங்கள் முயன்றன. 2016 ஜனவரியில் பிரான்ஸின் ரென் நகரில் அப்படி ஒரு மருந்தைச் சோதித்தபோது தன்னார்வலர் ஒருவர் இறந்தார். அதே நொதியைத் தடுக்கும் வேறு மருந்துகளில் அப்படி ஆகவில்லை. இது வேறு நொதிகளையும் தாக்கியது என்று பின்னர் காட்டினார்கள். இடம் பார்க்காமல் கூட்டாதே, இடம் பார்க்காமல் தடுக்காதே. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கே: சாக்லேட்டில் ஆனந்தமைடு உண்டா?

துளி. மூளைக்குப் போவதற்குள் செத்துவிடும்.

கே: சிபி2?

கன்னாபினாய்டு ஒட்டும் இன்னொரு ஏற்பி. பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் இருக்கும். 1993இல் கண்டறிந்தார்கள். அழற்சியில் அதன் பங்கு பெரிய கதை, தனியாகக் கேளுங்கள்.

கே: கஞ்சா அதிகமானால் அபின் மாதிரி மூச்சு நிற்குமா?

மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் சிபி1 மிகக் குறைவு, அதனால் அந்த வழியில் நிற்பது அரிது. இதைக் கேட்டுத் துணியாதீர்கள். டிஹெச்சி ஏற்பியை அரைகுறையாகத்தான் இயக்குகிறது. செயற்கைக் கன்னாபினாய்டுகள் பல முழுமையாக இயக்குபவை. அவற்றால் உயிர் போயிருக்கிறது.

கே: சிபிடி எண்ணெய் நல்லதா?

மேலே படியுங்கள்.

கே (ஆய்வு மாணவர் மறுபடியும்): 2-ஏஜியில் தோற்றேன் என்றே வையுங்கள். ஆனந்தமைடு தயாரிப்பு மட்டும் அவ்வளவு தெளிவா?

இல்லை, அங்கே உங்கள் பக்கம் காற்று. அதைத் தயாரிப்பதாகப் பாடப்புத்தகம் சொல்லும் நொதியை நீக்கிய எலிகளிலும் மூளையில் ஆனந்தமைடு அப்படியே இருந்த ஆய்வு உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. எந்த வழி எந்தச் செல்லில் என்பதை நீங்கள்தான் போய்ப் பாருங்களேன்.