கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என் மகன் பி.காம். முடித்துவிட்டு, பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி படிக்கிறேன் என்று நாள் முழுக்க ஃபோனும் கையுமாக இருக்கிறான். எல்லாம் இலவசமாம். நான்கு மாதத்தில் மூன்று கோர்ஸ் ஆரம்பித்தான், ஒன்றையும் முடிக்கவில்லை. சும்மா கிடைக்கிற படிப்புக்கு மதிப்பு உண்டா? கடனை உடனை வாங்கி ஒரு கிளாஸில் சேர்த்துவிடவா?
– ஒரு தாய், தாராவி, மும்பை

பதில்: கடன் வேண்டாம் அம்மா. பாடத்தில் குறை இல்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தில், ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடத்தை உங்கள் மகன் வீட்டிலிருந்தே பைசா செலவில்லாமல் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் இது நினைத்தே பார்க்க முடியாத விஷயம்.

முடிக்காததற்காக அவனைத் திட்டாதீர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் இணையப் பாடங்களிலேயே 2017-18-இல் பதிவு செய்த நூறு பேரில் மூன்று பேர்தான் முடித்தார்கள், பாதிப்பேர் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. (நானும் புள்ளியியல் படிக்கிறேன் என்று பதிவு செய்துவிட்டு இரண்டாவது வாரமே நழுவியவன்தான்.)

சரி, அவன் எங்கே சிக்குகிறான்? பைத்தானில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதற்கே அர்த்தம் உண்டு, ஒரு இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ நிரல் (கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளைகள்) ஓடாமல் போகலாம். அதை ஃபோன் திரையில் கட்டைவிரலால் தட்டிப் பழக வேண்டும், அதுவும் ஒற்றை அறை வீட்டில், இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் குக்கர் விசில் என்றால், வீடியோ மட்டும் ஓடும், பயிற்சி அப்படியே நிற்கும். அதனால் யாரிடமாவது ஒரு பழைய லேப்டாப் கிடைக்குமா என்று பாருங்கள், பக்கத்தில் அப்யாசிகா (மாணவர்கள் அமைதியாக உட்கார்ந்து படிக்கும் பொது அறை) இருந்தால் தினமும் இரண்டு மணி நேரம் அங்கே போய் உட்காரச் சொல்லுங்கள், கூடப் படிக்க ஒரு நண்பன் கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், மூன்று கோர்ஸ் வேண்டாம், தேர்வு உள்ள ஒன்று போதும். என்பிடெல் தேர்வுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், மதிப்பெண்ணில் 75 சதவீதம் அந்தத் தேர்வுக்கு, மீதி 25 வாராவாரம் தரும் பயிற்சிக்கு. அந்த ஆயிரத்தை நீங்கள் கொடுங்கள், கிளாஸ் கட்டணத்துக்கு வாங்கும் கடனை விட அது உருப்படியாக வேலை செய்யும். சான்றிதழைக் காட்டினால் உடனே வேலை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், இன்டர்வியூவில் அவனே எழுதிய நிரல் ஏதாவது உண்டா என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி: காலேஜில் படிக்கும்போதே ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையத் தளத்தில் பாடம் எடுத்தால், பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் கிரெடிட் கிடைக்குமாமே?
– ஒரு மாணவி, செம்பூர்

பதில்: கிடைக்கும். ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை அப்படி எடுக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2021-இல் விதி கொண்டுவந்தது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்று முடிவு செய்வது உங்கள் காலேஜும் பல்கலைக்கழகமும்தான், அதனால் பதிவு செய்யும் முன்பே துறைத் தலைவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.