ஸ்ட்ராபெர்ரிப் பாத்திக்குப் புதுச் செடி வாங்க வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் அறுபது ஸ்ட்ராபெர்ரிச் செடிகள் வைத்திருக்கிறேன். நட்டு நான்கு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் நாங்கள் தின்றது போக அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். இப்போது பழம் கோலிக்குண்டு அளவுக்குச் சிறுத்துவிட்டது. நர்சரிக்காரர், "எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசா அறுபது வாங்கி வைங்க, செடி நாப்பது ரூபா" என்கிறார். 2,400 ரூபாய் செலவு செய்யத்தான் வேண்டுமா?

பதில்: பழைய செடிகளை மாற்ற வேண்டும் என்று அவர் சொல்வது சரி. அறுபதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஸ்ட்ராபெர்ரி மூன்று, நான்கு வருடத்தில் தளர்ந்துபோகும். குருத்து (வேருக்கும் இலைக்கும் நடுவில் இருக்கும் குட்டைத் தண்டு) பல கிளையாகப் பிரிந்து, கட்டை தட்டி, மண்ணுக்கு மேலே எழும்பிவிடும். அப்புறம் நீங்கள் எவ்வளவு உரம் போட்டாலும் இலைதான் வரும், பழம் பருக்காது. மகாராஷ்டிராவின் மகாபலேஷ்வரில் வியாபாரத்துக்குப் பயிரிடுகிறவர்கள் வருடா வருடம் புது நாற்றுதான் நடுகிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அவ்வளவு அவசரம் தேவையில்லை.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். சோர்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி, குருத்தைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் வெறும் வயசுதான் கோளாறு. செம்பழுப்பாக இருந்தால் அழுகல் நோய். இலைகள் சுருங்கி, ஓரம் மஞ்சளித்து, செடியே குள்ளமாக நின்றால் வைரஸ் என்று சந்தேகப்படலாம். அசுவினிப் பூச்சி பரப்பும் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. தாய்ச் செடியில் இருக்கும் வைரஸ் அதன் ரன்னர் (தரையில் ஓடிக் குட்டிச் செடி விடும் கொடி) வழியாகக் குட்டிக்கும் போய்விடும். இதற்காகத்தான் அழுத்திச் சொல்கிறேன்: சீக்குப் பாத்தியிலிருந்து இலவச நாற்று எடுத்தால், அடுத்த மூன்று வருட உழைப்பும் வீண்.

பிளந்து பார்த்ததில் வயசு மட்டும்தான் காரணம் என்றால் ஒரு ரூபாய் செலவில்லை. காய்க்கும் பருவத்திலேயே நல்ல பழம் தருகிற செடிகளுக்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றில் வரும் பூவைக் கிள்ளிவிட்டால் சத்தெல்லாம் ரன்னருக்குப் போகும். ரன்னரில் முதல் கணுவில் பெரும்பாலும் ஒன்றும் வராது, இரண்டாவது கணுவில்தான் முதல் குட்டி வரும். அந்த முதல் குட்டிதான் திடமானது. அதன் அடியில் மண்ணும் மண்புழு உரமும் நிரப்பிய சின்னத் தொட்டியை வைத்து, வளைத்த கம்பியால் லேசாக அழுத்திவிடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வேர் பிடித்துவிடும். அதற்குப் பிறகு கொடியை வெட்டுங்கள். தாய் ஒன்றுக்கு நான்கு குட்டி போதும், மிச்ச ரன்னர்களைக் கிள்ளி எறியுங்கள். எல்லாவற்றையும் ஓடவிட்டால் பாத்தி புதர் மண்டி, காற்றோட்டம் போய், பழத்தில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும்.

நோய் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அப்போதும் அறுபது வேண்டாம். பதினைந்து நல்ல செடி வாங்கி நான்கு நான்காகப் பெருக்கினால் கணக்கு அறுபதுக்கு வந்துவிடும். 600 ரூபாயோடு முடியும். ஒரு பருவம் பழம் தள்ளிப்போகும், அது ஒன்றுதான் நஷ்டம்.

வாங்கும்போது தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெளிறிய, நிறைந்த வேர் நல்லது. கறுத்துக் குழைந்திருந்தால் வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள், மெல்லிய வலையும் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப்பேன். பழம் தொங்கும் செடியைக் கண்டு ஆசைப்பட வேண்டாம். குருத்து ஒரு பென்சில் பருமனாவது இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ரகத்தின் பெயரை (ஸ்வீட் சார்லி, கமரோசா, விண்டர் டான், எதுவானாலும்) பில்லில் எழுதி வாங்குங்கள். வெறுமனே "ஸ்ட்ராபெர்ரி" என்று மட்டும் எழுதித் தந்தால் பின்னால் எதையும் கேட்க முடியாது.

புதுச் செடியைப் பழைய இடத்திலேயே நட வேண்டாம். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் சமீபத்தில் விளைந்த இடமும் ஆகாது; அவற்றுக்கு வருகிற வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணில் பல வருடம் கிடந்து ஸ்ட்ராபெர்ரியையும் தாக்கும். உங்கள் பக்கம் உருளைக்கிழங்கு போடாத நிலம் குறைவு, அதனால் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாத்தியில் செடிக்குச் செடி ஓர் அடி விடுங்கள். குருத்து மண் மட்டத்தில் நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், மேலே நின்றால் காயும். வீட்டுத் தோட்டத்தில் செத்துப்போகும் நாற்றுகளில் பாதிக்குமேல் இந்த ஒரு தப்பால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் போதும். நீலகிரி மண் அதைவிடப் புளிப்பாக இருப்பது சகஜம் என்றாலும், மண்ணைச் சோதிக்காமல் டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) மூட்டை வாங்காதீர்கள்.

இனிமேல் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக மாற்றிக்கொண்டே வந்தால் பழம் இல்லாத வருடமே வராது.

கேள்வி: "நீல ஸ்ட்ராபெர்ரி, 100 விதை" என்று ஆன்லைனில் 199 ரூபாய்க்கு வாங்கினேன். பத்துதான் முளைத்தது. வளர்ந்ததும் பார்த்தால் ஏதோ களை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: நீல ஸ்ட்ராபெர்ரி என்று ஒரு ரகம் உலகத்திலேயே இல்லை. நிறம் மாற்றிய படத்தைக் காட்டி உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சிவப்புப் பழத்தின் விதையாக இருந்தாலும் தாயைப் போலவே செடி வராது, கலப்பினம் என்பதால் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு மாதிரி போகும். ரன்னரிலிருந்து நாற்று எடுப்பது இதற்காகத்தான்.

பணத்தைக் கேளுங்கள், சின்னத் தொகை என்று விடாதீர்கள். விளம்பரப் படம், ஆர்டர் விவரம், பாக்கெட்டின் லேபிள், முளைத்த செடி எல்லாவற்றையும் படமெடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லியிருக்கிறது.

கேள்வி: சென்னை மொட்டை மாடியில் ஸ்ட்ராபெர்ரி வருமா? பிப்ரவரி கடைசியில் ஒரு கடையில் பழத்தோடு பார்த்தேன்.

பதில்: இப்போது வாங்காதீர்கள், ஏப்ரல் வெயிலில் காய்ந்துவிடும். நவம்பரில் சின்ன நாற்றாக நாலைந்து வாங்கி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். பிப்ரவரி வரை கைநிறையப் பழம் பறிக்கலாம். அடுத்த வருடத்துக்கும் அதே செடியைக் காப்பாற்ற நிழல் வலை, மருந்து என்று செலவு செய்ய வேண்டாம். சென்னையில் இது ஒரு பருவத்துச் செடி.