உயிரின் மூலப்பொருள்கள் விண்வெளியில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தொலைதூர வாயு மேகங்கள் என்றால் ரேடியோ தொலைநோக்கிதான். பல வகை மூலக்கூறுகளில் ஒவ்வொன்றும் சுழலும்போது தனக்கே உரிய அலைவரிசைகளைக் காட்டும். அது அதன் கைரேகை மாதிரி.

ஆனாலும் கையில் கிடைக்கும் கல்லுக்கு ஈடில்லை என்பேன். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில், புரதங்களின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் இருந்தன. உடனே வரும் சந்தேகம்: நம் மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டவையோ? இங்கேதான் ஓர் அழகான சோதனை இருக்கிறது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கை வடிவத்தால் மட்டுமே. இரண்டும் ஏறக்குறையச் சமமாகக் கலந்திருந்தால், அது உயிர்களின் கைவேலை அல்ல.

கலப்படப் பயத்தைக் குறைக்கத்தான் நாசாவின் ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு சிறுகோளுக்கே போய், சுமார் 121 கிராம் மாதிரியை மூடிய கலனில் 2023 செப்டம்பரில் பூமிக்கு அனுப்பியது. புரதங்களுக்கு நம் உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. மரபுத் தகவலைச் சுமக்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் தேவையான ஐந்து காரங்களும் (அந்தத் தகவலின் எழுத்துகள் போன்றவை) இருந்தன. நினைத்தாலே சிலிர்க்கிறது! இரு வடிவங்களும் அங்கே கிட்டத்தட்ட சம அளவு. ஆகவே இது பென்னுவில் உயிர் வாழ்ந்ததற்கான தடயம் அல்ல; உயிரே இல்லாத இடத்திலும் வேதியியல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.